பழைய சாகாவுக்கு எந்த ஸ்பிரிங்?

அமெரிக்கர்கள் 'மசில் கார்' என்று சொல்லும்போது 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓ போன்ற வண்டிகளை நினைப்பார்கள். நடுத்தர உடல், அதற்குள் மிகப் பெரிய வி8 இயந்திரம். நம் நாட்டில் அந்த இடத்துக்கு உரியது எது என்று கேட்டால் நான் பழைய புரோட்டோன் சாகாவைத்தான் சொல்வேன். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரை அடிப்படையாகக் கொண்டு 1985 ஜூலை 9-இல் அறிமுகமான வண்டி அது. 1.3 லிட்டர் இயந்திரத்தோடு பிறந்த சாகாவில், 'ஹாஃப் கட்' கடையில் வாங்கிய 1.8 லிட்டர் 4ஜி93 இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டுபவர்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பார்த்திருப்பீர்கள். நம் மாணவர் நண்பர்களிலும் சிலர் உண்டு.

இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் இவர்கள், ஸ்பிரிங்கை மட்டும் விரலால் அளந்து வாங்குகிறார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் கணக்கு! ஆனால் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உயரத்தை வைத்து அல்ல, சுமக்கப் போகும் எடையை வைத்து.

கடையில் "ஆறு கிலோ ஸ்பிரிங்", "எட்டு கிலோ ஸ்பிரிங்" என்பார்கள். அது ஸ்பிரிங்கின் எடை அன்று. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ பாரம் வேண்டும் என்பதே அந்த எண். இதைத்தான் விறைப்பு என்கிறோம். முன்பக்கத்து ஸ்பிரிங் ஒன்று 220 கிலோவைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். அது 2 கிலோ ஸ்பிரிங்காக இருந்தால் 110 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். இந்த அளவின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பது கிடைக்கும். இங்கே விடை 1.5. குடும்பக் கார்கள் பெரும்பாலும் 1-க்கும் 1.5-க்கும் இடையில் இருக்கும். அதே இடத்தில் 6 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டால் அமுக்கம் 37 மில்லிமீட்டர்தான், விடை 2.6. இது பந்தயத் திடலுக்கு உரிய எண். தாமான் சாலைகளில் வரிசையாக இருக்கும் மேடுகளில் இந்த வண்டியின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் ஏது, திருப்பம் ஏது?

பின்பக்கத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல், சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவில் அமர்ந்திருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் உயரும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால், சக்கரம் உணரும் விறைப்பு 0.7-இன் வர்க்கம், அதாவது ஏறக்குறைய பாதி. எனவே முன்பக்க எண்ணையும் பின்பக்க எண்ணையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஜிடிஓ-வின் முன்பக்கத்துக்கும் இதே கணக்குதான். அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் இயந்திரத்தின் அளவுக்கும், ஏர்கோன் உண்டா இல்லையா என்பதற்கும் ஏற்ப வெவ்வேறு ஸ்பிரிங் போட்டார்கள். ஒரே மாடல்தானே என்று விட்டுவிடவில்லை. நாம் மட்டும் இயந்திரத்தை மாற்றிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே நம்புகிறோம்.

மலிவான வழி ஸ்பிரிங்கை வெட்டுவது. வேலை செய்யும் சுருள் ஆறு இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது 20 விழுக்காடு விறைப்பாகிறது. அது பெரிய ஆபத்தன்று. ஸ்பிரிங் குட்டையாகிவிடுவதுதான் ஆபத்து. மேட்டைத் தாண்டிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக நிற்க வேண்டும். குட்டையானது ஆடும், விலகும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள். நெருப்பால் சூடாக்கித் தாழ்த்துவது இன்னும் மோசம். எஃகுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த பதம் அந்தச் சூட்டில் போய்விடும்.

"ஸ்பிரிங் பழசாகி மெத்துன்னு ஆயிடுச்சுண்ணே, வேற போடுங்க" என்று பிரிக்பீல்ட்ஸ் பட்டறை ஒன்றில் ஒருவர் கேட்க, பட்டறைக்காரர் சிரித்தார். "ஸ்பிரிங் மெத்துன்னு ஆகாது தம்பி, குட்டையாத்தான் ஆகும். ஆடுறது அப்சோபர்." அவர் சொன்னது சரி. கம்பியின் தடிமனும் சுருளின் அகலமும் எண்ணிக்கையும் எஃகின் தன்மையும்தான் விறைப்பைத் தீர்மானிக்கின்றன. வயதாவதால் இவை அதிகம் மாறுவதில்லை. துரு தின்றால் மட்டும் கதை வேறு. தடிமனின் பங்கு மிகப் பெரிது. 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால் விறைப்பு 38 விழுக்காடு கூடும். ஆகவே படகுபோல் ஆடும் வண்டிக்கு முதலில் அப்சோபரை மாற்றிப் பாருங்கள். மூன்று மடங்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டால் அதற்கேற்ற அப்சோபரும் வேண்டும்; பழையது அதன் துள்ளலை அடக்காது.

சரி, வாங்குவதற்கு முன் என்ன செய்வது? எடை பாருங்கள். கிள்ளான் துறைமுகப் பக்கம் லோரிகளுக்கான எடைமேடைகள் இருக்கின்றன. கேட்டால் சிலர் அனுமதிப்பார்கள். முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறை. லோரி மேடை பத்து, இருபது கிலோ முன்பின் காட்டலாம். நம் கணக்குக்கு அது போதும். பிறகு அந்த வண்டியில் யார் போகப் போகிறார்கள் என்று யோசியுங்கள். அப்பா, அம்மா, பாட்டியோடு தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வண்டி என்றால், பின்சக்கரங்களின் மேல் 160 கிலோ எளிதாகக் கூடும். சக்கரத்தில் 2 கிலோ விறைப்பு இருந்தால் வண்டி 40 மில்லிமீட்டர் இறங்கும். அந்த 40-க்குப் பிறகும் ரப்பர் முட்டுக்கு மேல் இடம் மிஞ்ச வேண்டும்.

வீட்டிலேயே கழற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2 கிலோ ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அமுக்கினால் அதில் அடைபட்டிருக்கும் ஆற்றல், 23 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைத் தளர்த்தினால் அது முழுவதும் உங்கள் முகத்தை நோக்கி வரும். அந்த வேலையைப் பட்டறைக்கே விடுங்கள். இடமும் வலமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டு, அலைன்மெண்டுக்குக் கொண்டுபோங்கள்.