திபேரியு சக்கரவர்த்தியின் வெள்ளிக்காசு

பாலக்காட்டுக் கணவாயின் வழியே, மேலைக்கடல் துறைமுகங்களுக்கும் கொங்கு நாட்டிற்கும் இடையே நிகழ்ந்த புராதன வர்த்தகத்தின் சாட்சியாக, கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளுள் மிகப் பல, அகஸ்து, திபேரியு என்னும் இரு சக்கரவர்த்திகளுடையவை. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுவின் காலத்திலேயே இயேசு சிலுவையில் அறையப்பட்டார். திபேரியுவின் காசின் முன்புறத்தில் வாகை சூடிய மன்னனின் சிரம். பின்புறத்தில் ஆசனத்தில் அமர்ந்து, ஒரு கையில் செங்கோலும் மறுகையில் மரக்கிளையும் ஏந்திய மாது. இராயனுக்கு, அதாவது ரோமானியச் சக்கரவர்த்திக்கு, வரி செலுத்துவது நியாயமா என வினவியவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு இவ்வகையினதே என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம்.

இக்காசு இயேசுவுக்கு நேரடிச் சான்றாகாதெனினும், அவர் புழங்கிய உலகத்தை நம் கண்ணெதிரே நிறுத்துகிறது. திபேரியுவின் ஆட்சியில் ரோமானிய அதிகாரி பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை விதித்ததை, கிறிஸ்தவர்களிடம் சற்றும் அனுதாபமில்லாத ரோமானிய சரித்திராசிரியர் டாசிட்டஸ், ஏறக்குறைய கி.பி. 116இல் எழுதிவைத்தார்; விரோதியின் வாக்குமூலமாதலால் அதற்கு மதிப்பு அதிகம். பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லொன்று 1961இல் செசரியாவில் கிடைத்தது. தேதியும் தேசமும் குறித்துச் சொல்லத்தக்க ஒரு சம்பவத்தின்மீது தங்கள் விசுவாசம் நிற்பதாலேயே, கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசப் பிரமாணத்தில் அந்த ரோமானிய அதிகாரியின் பெயரை இன்றளவும் உச்சரிக்கின்றனர்.

காசின் விளிம்பைச் சுற்றியோடும் லத்தீன் எழுத்துக்களில் திபேரியுவின் பெயர்ச்சுருக்கத்தைத் தேடிப் பாருங்கள்.