காட்சிப் பலகைக்குச் செல்லும் செய்தி: கணனி வலையமைப்பில் ஒரு பிழையாய்வு

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் நாட்டுப் பேருந்து நிலையமொன்றிலே ஒளிகாலும் இருவாயிகளாலான காட்சிப் பலகையொன்று நிறுவப்பட்டது. புறப்படவிருக்கும் பேருந்து செல்லுமிடத்தை மும்மொழியிலும் அறிவிப்பதே அதன் நோக்கம். நிறுவிய சில நாள்களுக்குள் தமிழும் சிங்களமும் பலகையிலிருந்து மறைந்தன. ஆங்கிலம் மாத்திரம் எஞ்சியது. காரணம் வினவியோருக்கு, "தமிழ் அனுப்பினால் இயந்திரம் நின்று விடுகிறது" என்ற மறுமொழியே கிடைத்தது. பலகையின் கீழே நின்ற மூதாட்டியொருவர், "தம்பி, உது எங்க போற பஸ்?" என்று என்னிடம் வினவியதே இவ்விடயத்தில் நான் தலையிட நேர்ந்ததன் தொடக்கம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்று கூறுகிறது. அவ்வுரிமை ஒரு கணனி நிரலின் சில வரிகளுக்குள்ளே காணாமற் போயிருந்தது. அது எவ்வாறு போயிற்று என்பதையும், இத்தகைய பிழைகளைக் கண்டறியும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணனியொன்று வேறொரு கருவியுடன் வலையமைப்பின் வழியே உரையாடுவதற்கு நிரலாளர்கள் கையாளும் வாயில் 'சொக்கற்' எனப்படும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் உருவாகி, 1983இல் வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பொன்றின் மூலம் இம்முறை பரவியது. இன்று ஏறத்தாழ எல்லா இயக்க முறைமைகளும் அதனையே பின்பற்றுகின்றன. சொக்கற்றின் கீழே பெரும்பாலும் இயங்குவது ரி.சி.பி. என்னும் நெறிமுறை. வின்ரன் சேர்வ், றொபேட் கான் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் கரு காணப்படுகிறது. 1981 செப்ரெம்பரில் வெளியான ஆர்.எவ்.சி. 793 என்னும் ஆவணம் இதனை வரையறுத்தது, 2022இல் ஆர்.எவ்.சி. 9293 அதன் இடத்தைப் பெற்றது.

பலகை இருண்டு கிடக்கும்போது முதலிற் கேட்க வேண்டிய வினா, இணைப்பு ஏற்பட்டதா என்பதே. இவ்விடத்திற் கணனி கூறும் பிழைச் செய்தியைச் செவிமடுக்க வேண்டும். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வருமாயின், பெரும்பாலும் மறுமுனையிலுள்ள கருவி உயிருடன் இருக்கிறது. ஆனால் நாம் தட்டிய துறையிலே கேட்பார் எவருமில்லை. 'காலங்கடந்தது' என்று வருமாயின் மறுமொழியே கிடைக்கவில்லை என்பது பொருள். முகவரி பிழையாகலாம், கருவி அணைந்திருக்கலாம், தடுப்புச் சுவரொன்று பொதிகளை விழுங்கியிருக்கலாம். முன்னது கதவைத் திறக்க மறுத்தல். பின்னது வீடே இல்லாத வளவில் நின்று கூப்பிடுதல். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் கம்பிகளைக் கழற்றிப் பூட்டுவதிலேயே பலர் நாளைக் கழிக்கின்றனர்.

நான் கண்ட பலகையில் இணைப்புக்குக் குறையில்லை. ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காகச் சென்றன. தமிழ்ப்பெயர் ஒன்று அனுப்பப்பட்ட கணத்தில் இரண்டொரு எழுத்துகள் தோன்றும். அதன்பின் எதனை அனுப்பினும், ஆங்கிலமேயாயினும், பலகை அசையாது. நிரலோ ஒவ்வொரு தடவையும் 'அனுப்பப்பட்டது' என்றே பதிவு செய்துகொண்டிருந்தது.

இந்தப் பதிவு பொய்யன்று. ஆனால் அதன் பொருள் நாம் எண்ணுவதன்று. சொக்கற்றின் அனுப்பும் கட்டளை வெற்றி பெற்றது எனின், நமது பைற்றுகளை நமது கணனியின் இயக்க முறைமை தன் இடையகத்தில் ஏற்றுக்கொண்டது என்பது மாத்திரமே உறுதி. தபாற்பெட்டிக்குள் கடிதம் விழுந்ததற்கும், உரியவர் அதனைப் படித்ததற்கும் உள்ள தூரம் இங்கும் உண்டு. மேலும், கொடுத்த பைற்றுகள் முழுவதையும் அக்கட்டளை ஒரே தடவையில் ஏற்க வேண்டுமென்ற நியதியுமில்லை. எத்தனையை ஏற்றது என்ற எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அதனைப் பாராது விடும் நிரல் என்றோ ஒருநாள் செய்தியின் வாலை இழக்கும். பலகை காட்டியதா என்பதை அறிய ஒரே வழி, பலகையே 'காட்டினேன்' என்று மறுமொழி அனுப்புவதுதான். இப்பலகைக்கு அவ்வசதி இருந்தும் நிரல் அதனைக் கேட்கவில்லை.

இனி, ரி.சி.பி.யின் இயல்பொன்றைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். அது செய்திகளைச் சுமப்பதில்லை; பைற்றுகளின் தொடர்ச்சியான ஓட்டத்தையே சுமக்கிறது. நாம் இரு தடவை அனுப்பியவை மறுமுனையில் ஒன்றாகச் சேர்ந்து வரலாம். ஒரு தடவை அனுப்பியது இரண்டாகப் பிரிந்தும் வரலாம். வரிசை மாறாது என்பதே அதன் உறுதிமொழி. எல்லை மாறாது என்று அது எங்கும் உறுதி கூறவில்லை. தன் மேசையிலே ஒரே கணனிக்குள் சோதித்துப் பார்க்கும் நிரலாளருக்கு, ஓர் அனுப்பலுக்கு ஒரு பெறுதல் எனப் பெரும்பாலும் பொருந்தி வருவதால், இவ்வுண்மை மறைந்து விடுகிறது. ஆகவே செய்தி எங்கு முடிகிறது என்பதை நாமே குறிக்க வேண்டும். அப்பலகையின் முறைப்படி முதலில் வரும் இரண்டு பைற்றுகள் நீளத்தைக் கூறும். அதன்பின் அத்தனை பைற்றுகள் செய்தி.

பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்னும் மென்பொருளைக் கணனியில் இயக்கி, ஓடுகின்ற பைற்றுகளை நேரிற் கண்டபோது பிழை வெளியாயிற்று. 'யாழ்ப்பாணம்' என்பதை எடுத்துக்கொள்வோம். நமது கண்ணுக்கு அதில் ஆறு எழுத்துகள். யூனிகோட் முறையில் கால், புள்ளி முதலியன தனிக்குறியீடுகளாதலால் பதினொரு குறியீடுகள். யூ.ரி.எவ்.-8 என்னும் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைற்றுகள் வேண்டும். ஆகவே 33 பைற்றுகள். ஆங்கிலத்தில் அவ்வூரின் பெயருக்கும் ஆறு எழுத்துகளே. குறியீடும் ஆறு, பைற்றும் ஆறு. பைதன் மொழியில் எழுதப்பட்ட அந்நிரல், நீளமாகக் குறியீடுகளின் எண்ணிக்கையை எழுதிவிட்டுப் பைற்றுகளை அனுப்பியது. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றேயாதலால் பிழை தோன்றவில்லை. தமிழுக்கோ '11' என்று சொல்லி 33ஐ அனுப்பியது.

பலகை சொன்னபடியே நடந்தது. பதினொரு பைற்றுகளை எடுத்தது. அவற்றில் ஒன்பது 'யாழ' என்றாயின. எஞ்சிய இரண்டு 'ழ்' மீதுள்ள புள்ளியின் முற்பகுதி. அப்புள்ளியின் மூன்று பைற்றுகள் 224, 175, 141 என்பன. முதலிரண்டும் போக, 141 என்பதும் அடுத்த எழுத்தின் முதற்பைற்றான 224 என்பதும் ஓட்டத்தில் அடுத்து நின்றன. பலகை அவற்றைப் புதிய செய்தியின் நீளமாகக் கொண்டது. 141ஐ 256ஆற் பெருக்கி 224ஐக் கூட்டினால் 36,320. அத்தனை பைற்றுகள் வந்து சேரும்வரை அது பொறுமையாகக் காத்திருந்தது! அதன்பின் வந்த ஆங்கிலப் பெயர்கள் யாவும் அப்பெருவயிற்றினுள்ளே வீழ்ந்தன. ஒவ்வொன்றும் பத்துப் பைற்றளவு என்று கொண்டாலும், அது நிறைவதற்கு மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட அறிவிப்புகள் வேண்டும். பலகை பழுதடையவுமில்லை, தமிழை வெறுக்கவுமில்லை.

சிங்கள எழுத்துகளும் யூ.ரி.எவ்.-8இல் மூன்று பைற்றுகளே பெறுவன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தமிழ் ஊழியர் தமிழை வேண்டுமென்றே நீக்கியதாக ஐயுற்றனர். சிங்கள ஊழியர் தம்மொழி பற்றி அவ்வாறே ஐயுற்றனர். உண்மையில் 'ஓர் எழுத்து, ஒரு பைற்று' என்னும் ஆங்கில வழக்கை இயற்கை நியதியெனக் கொண்ட மனப்பாங்கே இரண்டையும் ஒருங்கே வெளியேற்றியது. தீய நோக்கம் இருக்கவில்லை என்பது உண்மை. எனினும் மும்மொழிப் பலகையை ஒருமொழியில் மாத்திரம் சோதித்து ஒப்படைத்ததை வெறும் தொழினுட்பத் தவறு என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

இன்னொரு மயக்கமும் அங்கே நிலவியது. பலகை நின்றபோதெல்லாம் ஊழியர்கள் அதன் மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்தனர். சிலவேளை அதன் பின்னரும் முதலறிவிப்பு வரவில்லை. பலகை இணைப்பை மறந்துவிட்டது. கணனியோ இணைப்பு உயிருடன் இருப்பதாகவே நம்பியது. ஆகவே அடுத்த அனுப்பல் வெற்றியெனவே திரும்பும். பலகை 'உம்மை நான் அறியேன்' என்று முறிப்புப் பொதியை அனுப்பும். அதற்கடுத்த அனுப்பலில்தான் பிழை தெரியவரும். இடையிற் சென்ற செய்தி இழப்பே. ரி.சி.பி.யின் உயிர்ச்சோதனையை இயக்கிவிட்டாலும், எதனையும் மாற்றாதவிடத்து அது இரண்டு மணி நேரம் மௌனத்தின் பின்னரே தொடங்கும். பேருந்து நிலையத்துக்கு அது பயன்படாது. சில விநாடிகளுக்கொரு முறை நிரலே வினவி, மறுமொழி இல்லையேல் இணைப்பை மூடிப் புதிதாக அமைப்பதே தகும்.

நீளத்தைப் பைற்றுகளில் எண்ணுமாறு ஒரு வரியைத் திருத்தியதும் பலகை நிற்பது ஒழிந்தது. ஆயினும் தமிழ் சரியாக வந்துவிடவில்லை. பலகை ஒரு பெயருக்கு 32 பைற்றுகளே ஒதுக்கியிருந்தது, 'யாழ்ப்பாணம்' 33. இறுதிப் புள்ளியின் கடைசிப் பைற்று வெட்டுண்டு, 'யாழ்ப்பாணம' என்பதும் ஒரு கட்டமும் தோன்றின. 'கொழும்பு' என்பதில் ஒகரத்தின் கொம்பு ககரத்தின் முன்னே செல்லாது பின்னே கிடந்தது. எழுத்துகளைக் கோத்து அமைக்கும் ஆற்றல் அக்கருவியின் மென்பொருளுக்கு இல்லை. அதனை மாற்றும் உரிமையும் நமக்கில்லை.

இறுதியிற் கொண்ட வழி, எழுத்தை அனுப்புவதைக் கைவிட்டு, கணனியிலேயே பெயரை வரைந்து புள்ளிப் படமாக அனுப்புவது. பலகை 128 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்டது. புள்ளிக்கொரு பிற்று வீதம் 2,048 பிற்றுகள், அதாவது 256 பைற்றுகள். எம்மொழிப் பெயருக்கும் இப்பொழுது அதே அளவுதான். பதினாறு புள்ளி உயரத்துள் மேல் விசிறியும் கீழ்ச்சுழியும் கொண்ட எழுத்துகளை அடக்குவதற்குச் சில நாள்கள் தேவைப்பட்டன. படத்தை முதன்முதல் அனுப்பியபோது பலகை மீண்டும் தடுமாறியது. வயர்ஷார்க்கிற் பார்த்தோம். படத்துக்கெனப் புதிதாக எழுதிய பகுதியில், நீளத்தின் இரு பைற்றுகளும் இடம் மாறியிருந்தன. 256 என்பது 1 என வாசிக்கப்பட்டிருந்தது. அதனை மாற்றியபின், மாலை நேரப் பேருந்துக்கு மூன்று மொழிகளிலும் பெயர் வந்தது.