கனவுக் கார் கடைக்கு வந்த கதை

குட்டி விஞ்ஞானியே, கார் கண்காட்சிப் படத்தில் பார்க்கும் அழகான காரை ஏன் அப்படியே விற்பதில்லை என்று கேட்டிருக்கிறாயா? கேட்டிருந்தால் சபாஷ்! வா, அமெரிக்காவின் மஸ்டாங் காரை வைத்துப் பார்ப்போம்.

1962-இல் ஃபோர்டு நிறுவனம் ஒரு குட்டிக் காரைச் செய்தது. ‘இப்படியும் ஒரு கார் செய்யலாமே’ என்று ஆசைக்குச் செய்து காட்டுவதைக் கான்செப்ட் கார் என்பார்கள். ஃபோர்டின் அந்தக் குட்டிக் காரின் பெயர் மஸ்டாங் 1. அக்டோபரில், வாட்கின்ஸ் கிளென் பந்தயத் தடத்தில் டான் கர்னி என்ற வீரர் அதை ஓட்டிக் காட்டினார்.

அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். இருக்கை நகரவே நகராது. கால் எட்டாவிட்டால் பெடலைத்தான் நம் பக்கம் இழுக்க வேண்டும்! எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது.

இஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஓடும் இஞ்சின் சூடாகும், இல்லையா? அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்று பட்டு ஆறும். ரேடியேட்டர்கள் காரின் இரண்டு பக்கமும் இருந்தன. அதனால் கதவுக்குப் பின்னால் காற்று நுழைய வாய் வைத்தார்கள்.

புரிகிறதா? சரி, மேலே போவோம்.

கார் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் லீ அயக்கோக்கா என்ற ஃபோர்டு அதிகாரி யோசித்தார். இரண்டு பேர் மட்டும் போகும் காரை எத்தனை குடும்பங்கள் வாங்கும்? இங்கேதான் கணக்கு வருகிறது. காரின் உடலை, இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்கிறார்கள், நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சைப் போல. அந்த ராட்சத அச்சுக்கு ஏகப்பட்ட செலவு. லட்சக்கணக்கில் கார் விற்றால்தான் கட்டுப்படியாகும்.

ஆகவே நான்கு பேர் உட்காரும் வேறு காரை வடிவமைத்தார்கள். முதலில் களிமண்ணில், முழு அளவில்! இது குளத்துக் களிமண் இல்லை. மெழுகும் எண்ணெயும் கலந்தது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். அதைச் சீவிச் சீவி வளைவுகளைக் கொண்டுவருவார்கள். மேலே வெள்ளி நிறப் படலம் ஒட்டினால் நிஜக் கார் போலவே பளபளக்கும். வளைவு எங்கே கோணியிருக்கிறது என்பதை ஒளி காட்டிக்கொடுத்துவிடும்.

செலவைக் குறைக்க, உள்ளே இருந்த பல பாகங்களை ஃபால்கன் என்ற சாதாரணக் காரிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். இஞ்சின் முன்னால் வந்துவிட்டது. அப்படியானால் பக்கவாட்டு வாய்க்கு என்ன வேலை? ஒன்றுமில்லை! ஆனாலும் வாய் போன்ற ஒரு குழிவு அதே இடத்தில் இருந்தது. வெறும் அலங்காரம். காற்று உள்ளே போகாது.

1964 ஏப்ரல் 17 அன்று, 2,368 டாலர் விலையில் மஸ்டாங் விற்பனைக்கு வந்தது. ஓராண்டில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இஞ்சினும் வளர்ந்தது. மஸ்டாங் 1-இன் இஞ்சின் 1.5 லிட்டர்தான். லிட்டர் என்றால் பெட்ரோல் அளவு என்று நினைக்காதே. இஞ்சினின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் நகரும் இடத்தின் மொத்த அளவு அது. இடம் பெரிதானால் அதிகக் காற்றும் பெட்ரோலும் எரியும், பலமும் கூடும். 1968-இல் மஸ்டாங்கில் 7 லிட்டர் இஞ்சினே வந்துவிட்டது. ‘மசில் கார்’ என்று பட்டம் கிடைத்தது இப்படிப்பட்ட முரட்டுக் கார்களுக்குத்தான். அந்தப் பெரிய இஞ்சின் நன்றாக மூச்சு விட வேண்டுமே! அதற்காகப் பானட்டின் மேல் ஒரு துளை வைத்தார்கள். அது நிஜத் துளை.