டைமிங் பெல்ட்டும் நீர்ப் பம்பும்: ஒருங்கே மாற்ற வேண்டுவது ஏன்?

மோட்டார் எஞ்சினுள் இருவகைத் தண்டுகள் ஓயாது சுழல்கின்றன. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடுவது காம் தண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும் காலத்தில் காம் தண்டு ஒருமுறையே சுழலவேண்டும். கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 2,400 முறை சுழலுமாயின், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 20 முறை திறந்து மூடும். இவ்வொழுங்கு பிறழாமல் காப்பதற்குப் பற்சக்கரம், சங்கிலி, பெல்ட் ஆகிய மூன்று வழிகள் உண்டு.

பெருஞ்சுமை லாரிகளின் டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் பற்சக்கரங்களே அமைந்துள்ளன. சிறு லாரிகள் பலவற்றில், உட்புறம் பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட் இப்பணியைச் செய்கின்றது. இதுவே டைமிங் பெல்ட் எனப்படும். ரப்பருக்குள் புதைந்துள்ள இழைக்கயிறுகள் அது நீளாமல் காக்கின்றன. இதற்கு எண்ணெய் வேண்டுவதில்லை, ஓசையும் குறைவு. ஆயினும் வெப்பத்தாலும் ஓயாத வளைவாலும் ரப்பர் நாளடைவில் நலிவடையும். ஆதலின் இதனைக் குறித்த தூரம் ஓடியதும் மாற்றுவது கட்டாயமாகும்.

அமெரிக்காவில் 1995 முதல் 2004 வரை விற்பனையான டொயோட்டா டக்கோமா சிறு லாரியின் 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் இதற்குத் தக்க சான்றாகும். அதன் பெல்ட்டை 90,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 1,45,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அதே பெல்ட்டின் வழுவழுப்பான புறப்பக்கம் நீர்ப் பம்பின் புல்லியையும் சுழற்றுகிறது. எனவே பம்பின் நலமும் பெல்ட்டின் ஆயுளும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன.

பம்பின் தண்டு ஒரு பேரிங்கில் சுழல்கிறது. திரவம் வெளியேறாமல் ஒரு சீல் தடுக்கிறது. சீல் தேய்ந்தால் பம்பின் உடலிலுள்ள சிறு துளை வழியே திரவம் கசியும். அத்துளையருகே உலர்ந்த கறை காணப்படின் அது முன்னெச்சரிக்கையாகும். கசிவு பெல்ட்டில் பட்டால் அது விரைவில் கெடும். பேரிங் இறுகிவிட்டால் பெல்ட்டின் பற்கள் உதிரும், அன்றி அது அறுபடும். மேற்கூறிய டொயோட்டா எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடுமேயன்றி வால்வுகளுக்குக் கேடில்லை. வேறு பல எஞ்சின்களிலோ பிஸ்டன்கள் திறந்த வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும், செலவு பன்மடங்காகும்.

இனிச் செலவுக் கணக்கைக் காண்போம். பெல்ட்டை அடைவதற்குக் குளிர்விப்புத் திரவத்தை வடித்து, விசிறி, வெளிப்புற பெல்ட்டுகள், கிராங்க் புல்லி, மூடிகள் யாவற்றையும் கழற்றவேண்டும். இவை நீங்கியபின் பம்பு கண்முன் நிற்கும். சில போல்ட்டுகளே எஞ்சியவை. பழைய பம்பை விட்டுவிட்டால், 90,000 மைல் உழைத்த அது மேலும் 90,000 மைல் உழைக்க வேண்டிவரும். இடையில் பழுதுற்றால் முழு வேலையையும் மீண்டும் செய்யநேரும். புதிய பெல்ட்டும் வீணாகக்கூடும்.

வேலையின் முறை வருமாறு: எஞ்சின் நன்கு ஆறியபின் தொடங்கவேண்டும். புல்லிகளிலுள்ள குறிகளை எஞ்சினின் குறிகளோடு பொருத்திய பிறகே பெல்ட்டைக் கழற்றுதல் வேண்டும். பம்பு பொருந்தும் பரப்பைச் சுரண்டித் துடைத்து, புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் கையேட்டில் கண்ட அளவுக்குச் சீராக முறுக்கவேண்டும். பெல்ட்டைத் தாங்கும் புல்லிகளையும், இறுக்கம் தரும் உறுப்பையும் சோதித்து, ஐயமிருப்பின் மாற்றுக. புதிய பெல்ட் பூட்டியபின் கிராங்க் தண்டைக் கையாலேயே இரு முழுச் சுற்று சுழற்றிப் பார்க்கவேண்டும். குறிகள் மீண்டும் ஒன்றுபடாவிடின், எஞ்சினை இயக்கலாகாது. இறுதியில் திரவம் நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை முற்றிலும் வெளியேற்றுக.

எல்லா லாரிகளிலும் டைமிங் பெல்ட்டே பம்பை இயக்குவதில்லை. சிலவற்றில் வெளிப்புற பெல்ட் அதனை இயக்கும். அங்கே இவ்விதி அதே வன்மையுடன் பொருந்தாது. எனவே வண்டியின் கையேட்டை முதலில் காண்பது நன்று. இருமுறைச் சுழற்சிக்கு ஏன் ஒருமுறை, இரு சுற்றுக்குப்பின் ஏன் குறிகள் ஒன்றுபடுகின்றன என்பதை ஆசிரியர்கள் பற்சக்கர விகிதத்தைக் கொண்டு மாணாக்கருக்கு எளிதில் விளக்கலாம். தொலைவிலுள்ள ஊர்களுக்கு வண்டியோடு செல்லும் களப்பணியாளர்க்கோ, உறுப்பின் விலையோடு அதனை அடையும் உழைப்பையும் சேர்த்து எண்ணுவதே சிக்கனமாகும்.