கைராசியா, மண்ராசியா?

“அவளுக்கென்ன, கைராசிக்காரி! வெறும் குச்சியை ஊன்றினாலும் துளிர்த்துவிடும். என் கை பட்டால் துளசிகூடப் பட்டுப்போகிறது!”

இப்படி அலுத்துக்கொள்ளாத குடும்பத் தலைவிகள் அபூர்வம். இதையே மாமியார் வாயால் கேட்க நேர்ந்த மருமகள்களும் உண்டு. பாவம், அந்தக் கையின் பேரில் ஒரு குற்றமும் இல்லை. குற்றவாளி பெரும்பாலும் காலடியில் கிடக்கும் மண்தான்!

சென்னையில் இரண்டு ஓர்ப்படிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவளின் வீடு திருவான்மியூரில், கடற்கரைப் பக்கம். இளையவள் இருப்பது தியாகராய நகரில். ஒரே இடத்தில் ஆளுக்கொரு மல்லிகைப் பதியன் வாங்கி வந்து நடுகிறார்கள். இருவரும் தினந்தோறும் தவறாமல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில மாதங்களில் இரண்டு செடிகளுமே வாடி நிற்கின்றன. மூத்தவளின் செடி தாகத்தால் வாடுகிறது. இளையவளின் செடியோ மூச்சு முட்டி வாடுகிறது!

செடிக்கு மூச்சு முட்டுமா என்று சிரிக்காதீர்கள். வேரும் நம்மைப் போலவே பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. நல்ல மண்ணில் சுமார் பாதிதான் மண்; மறு பாதி இண்டு இடுக்குகள். அந்த இடுக்குகளில் பாதி நீரும் பாதி காற்றுமாக இருந்தால் வேருக்குக் கொண்டாட்டம்தான்.

இடுக்கின் அளவு மண் துகளின் பருமனைப் பொறுத்தது. மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். களிமண் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கொண்டைக்கடலை நிரம்பிய டப்பாவில் தண்ணீர் ஊற்றினால் சரசரவென்று அடிக்கு இறங்கிவிடும். மைதா மாவில் ஊற்றிப் பாருங்கள். மேலேயே குளம் கட்டி நிற்கும். மணலுக்கும் களிமண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

திருவான்மியூர் மணலில் ஊற்றிய நீர், போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு கீழே ஓடிவிடுகிறது. தியாகராய நகரோ 1920-களில் பழைய ஏரி ஒன்றைத் தூர்த்து உண்டான பேட்டை. ஏரியின் அடிமண் களிப்பானது. அங்கே நீர் எளிதில் வடியாமல் காற்றை வெளியே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாதல்லவா? ஆகவே இலை, தாகத்தில் வாடினாற்போலவே துவண்டு தொங்கும். “ஐயோ, தண்ணீர் போதவில்லையே!” என்று அவள் இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றுவாள். அன்பு மிகுதியாலேயே செடிக்கு முடிவு வந்துவிடுகிறது!

இதனால் களிமண் மட்டமானது என்று எண்ணிவிட வேண்டாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியைப் பாருங்கள். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண், மழை பெய்ததும் உப்பி, ஈரத்தை வெகு நாள் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பித்தான் அங்கே மானாவாரிப் பருத்தி விளைகிறது.

உங்கள் வீட்டு மண் எந்த ஜாதி என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, முறுக்குக்கு மாவு திரிப்பது போல் உருட்டுங்கள். திரியாமல் உதிர்ந்தால் மணல். திரிந்து, வளைத்தால் விரிசல் விடாமல் வளையம் போல் நின்றால் களிமண். திரிந்தும் வளைக்கையில் உடைந்தால் இரண்டுக்கும் நடுத்தரம், நீங்கள் அதிருஷ்டசாலி!

மணலானால் சிறிது சிறிதாக, அடிக்கடி ஊற்றுங்கள். களிமண்ணானால் பாத்தியை மேடாக்கி, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டிச் செடியானால் அடித்துவாரம் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு வகை மண்ணுக்கும் ஒரே மருந்து, மக்கிய எரு. மணலில் அது பஞ்சு போல் நீரைப் பிடித்துக்கொள்ளும். களிமண்ணிலோ துகள்களைத் திரள் திரளாகச் சேர்த்துக் காற்றுக்கு வழிவிடும். காய்கறித் தோலையும் சருகையும் மக்கவிட்டால் கடைக்குப் போக வேண்டியதே இல்லை.

புது வீட்டுக்காரர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. கட்டட வேலையில் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணில் கலந்து காரத்தை ஏற்றிவிடும். கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. பெட்டியில் பூட்டிய நகை மாதிரிதான். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இந்தக் கோளாறாக இருக்கலாம். அடி இலைகள் முதலில் மஞ்சளித்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. காரத்தன்மைக்கு எத்தனை எரு கொட்டினாலும் உடனே குணம் தெரியாது. இடிபாட்டு மண்ணை ஆழத் தோண்டி அகற்றி, நல்ல மண் நிரப்பி நடுவதே உத்தமம். சந்தேகம் இருந்தால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே சொல்லும் அமில, கார அளவு 6-லிருந்து 7.5-க்குள் இருந்தால் பெரும்பாலான தோட்டச் செடிகளுக்கு ஒத்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு மாமி இனித் தம் கைராசியைப் பற்றிப் பெருமை பேசினால் மறுத்துப் பேசாதீர்கள். அவர் தோட்டத்து மண்ணில் ஒரு பிடி மட்டும் கேட்டு வாங்கி வந்து உருட்டிப் பாருங்கள்!