மாற்றியமைக்கப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு 1903 வேட்டைத் துப்பாக்கி: மூலம் காணும் முறை

முன்னுரை

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் மூலத்தைத் தேடுவோர் முதலில் நாடுவது அதில் பொறிக்கப்பட்ட எண்ணை. ஒரே தொழிற்சாலையில் முழுமையாக உருவான துப்பாக்கிக்கு அம்முறை பெரும்பாலும் போதும். இராணுவத் துப்பாக்கியாகப் பிறந்து, பின்னர்க் கம்மியர் ஒருவரின் கையில் வேட்டைத் துப்பாக்கியாக உருமாறிய ஒன்றுக்கு அது போதாது. அது பல காலத்து ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய சுவடியைப் போன்றது. ஓர் ஏட்டின் காலம் கட்டு முழுமைக்கும் காலமாகிவிடாது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கியின் எந்த உறுப்பு எதற்குச் சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு, இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டு ஆகிய அரசுப் படைக்கலச் சாலைகளில் இத்துப்பாக்கி செய்யப்பட்டது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தமக்கென ஒன்றை வேட்டைக்கு ஏற்ப அமைக்கச் செய்து, 1909இல் ஆப்பிரிக்கப் பயணத்திற்கு எடுத்துச் சென்றார். அதன்பின் இவ்வழக்கம் பரவியது. லாஸ் ஏஞ்சலிஸில் லுட்விக் வுண்ட்ஹாமரும், 1923இல் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்டு ஹோ நிறுவனமும் இத்தொழிலில் பெயர் பெற்றனர். இராணுவம் இத்துப்பாக்கிகளைத் தேசியத் துப்பாக்கிச் சங்க உறுப்பினர்களுக்கு விற்றதால், வீட்டுப் பின்கட்டில் அரமும் உளியும் பிடித்தவர்களும் இதே மாற்றத்தைச் செய்தனர். இன்று கிடைப்பவற்றுள் தேர்ந்த கம்மியர் வேலை எது, பொழுதுபோக்காளர் வேலை எது என்னும் சிக்கல் இங்கிருந்தே எழுகிறது.

ரிசீவர் எண்

தொடர் எண், குழலைத் தாங்கும் ரிசீவர் என்னும் உறுப்பில் உள்ளது. ரிசீவர் எங்கே, ஏறத்தாழ எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. எனினும் அதே எண் உயிரோடு தொடர்புடைய வேறொரு செய்தியையும் தாங்கியுள்ளது. 1918 வரை உலைக்களத் தொழிலாளர் எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டனர். வெயில் பளிச்சிடும் நாளில் காய்ந்த எஃகு மங்கலாகத் தோன்றும். போதிய சூடு ஏறவில்லை என்றெண்ணி மேலும் காய்ச்சியதால் எஃகு கருகி, நொறுங்கும் தன்மை பெற்றது. ரிசீவர்கள் சில வெடித்த பின்னரே வெப்பத்தை அளக்கக் கருவி வைத்து, இருமுறை வெப்பப் பதமிடும் முறை கொண்டுவரப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டில் சுமார் 8,00,000ஆம் எண் முதலும், ராக் ஐலண்டில் 2,85,507ஆம் எண் முதலும் புதிய முறை வழங்கியது.

1917 முதல் 1929 வரை வெடித்த 68 ரிசீவர்களை ஜூலியன் ஹேட்சர் தம் நூலில் பட்டியலிட்டார். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பழைய ரிசீவர்களோடு ஒப்பிட்டால் இத்தொகை சிறிது. அமெரிக்கக் கடற்காலாட்படையும் பழைய எண் துப்பாக்கிகளைத் தொடர்ந்து பயன்படுத்தியது. ஆயினும் வெடிப்பது சுடுபவரின் கண்ணருகே என்பதால், அத்தகைய துப்பாக்கியைச் சுடாமல் காட்சிப் பொருளாக வைப்பதே தக்கது. கட்டையின் அழகைக் கண்டு விலை பேசுவோர் பலர் எண்ணின் இப்பொருளைக் கேட்பதில்லை.

குழலும் போல்ட்டும்

குழலின் முன்முனையில், முன் குறிக்குச் சற்றுப் பின்னால், தொழிற்சாலையின் எழுத்தும் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். மூலம் காண்பதில் இதுவே தெளிவான தேதி. ஆனால் வேட்டைக்கு ஏற்ப அமைத்தோர் 24 அங்குலக் குழலை 22 அங்குலமாகக் குறைப்பது உண்டு. வெட்டுப்பட்ட துண்டோடு தேதியும் போய்விடும். தேதி எஞ்சியிருந்து அது ரிசீவருக்குப் பிந்தியதாக இருந்தாலும், அதைக் கம்மியரின் வேலை எனத் துணியலாகாது. தேய்ந்த குழலை மாற்றுவது இராணுவப் பணிமனைகளில் அன்றாட வேலை. 1906இல் தோட்டா மாறியபோதும் முந்தைய துப்பாக்கிகளின் குழல்கள் திருத்தப்பட்டன. போல்ட்டிலோ தொழிற்சாலை தொடர் எண் பொறிக்கவில்லை. ஆகவே புதிய ரிசீவரில் பழைய போல்ட் அமர்ந்திருக்கவும் கூடும். மேற்சொன்ன ஆபத்து அதற்கும் உண்டு.

கம்மியர் யார்?

கைவண்ணத்தைக் கொண்டு கம்மியரை அடையாளம் காட்டுவதே சான்றுகளுள் மிகவும் வலுவற்றது. கைப்பிடியின் வலப்புறம் உள்ளங்கைக்கு ஏற்பச் சற்றே புடைத்திருக்கும் அமைப்பு வுண்ட்ஹாமர் பெயராலேயே வழங்குகிறது. பெயர் பெற்றதனாலேயே பிறரும் அதனைப் பின்பற்றினர். எனவே புடைப்பைக் கண்டு வுண்ட்ஹாமரைச் சொல்வது, ஒரு நடையைக் கண்டதும் பாட்டை அந்நடையில் புகழ்பெற்ற புலவர்மேல் ஏற்றுவதற்கு ஒப்பாகும். வால்நட் மரத்தின் வரியும் கைப்பிடியின் குறுக்குக்கோட்டு வேலைப்பாடும் தரத்தைக் காட்டும், பெயரைக் காட்டா.

இதனினும் பயன் தருவது கட்டையைக் கழற்றிப் பார்ப்பது. பின்னாளில் பொருத்திய குறிநோக்கிக்காக ரிசீவரில் இட்ட திருகு துளைகள், அவற்றிற்கு ஏற்ப மரத்தில் குடைந்த இடம், அடைக்கப்பட்ட பழைய துளைகள் ஆகியவை மாற்றங்கள் நிகழ்ந்த வரிசையைத் தெரிவிக்கும். கட்டை முதலில் செதுக்கப்பட்டுக் குறிநோக்கி பின்னர் வந்ததாயின், மரத்தின் வெட்டு மெழுகேறாமல் புதிதாய்த் தோன்றும். கிரிஃபின் அண்டு ஹோ தன் பெயரையும் தனக்கெனத் தனி எண்ணையும் குழலில் பொறித்தது. அவ்வெண் ரிசீவர் எண்ணினின்று வேறானது. நிறுவனப் பதிவோடு ஒத்திட வேண்டியது அதனையே. இத்தகைய பொறிப்போ, விற்பனைச் சீட்டோ, உரிமையாளர் கடிதமோ இல்லாதவிடத்துப் பட்டியலில் ‘கம்மியர் அறியப்படவில்லை’ என்றே குறிக்க வேண்டும்.