பூங்கா மைதானங்களில் ஒரு கோடைகாலம்

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் எம்மவர் பலருக்குத் துடுப்பாட்டம் என்பது நள்ளிரவில் கண்விழித்துத் திரையில் பார்க்கும் ஆட்டமாகவே இருந்து வருகின்றது. ஆனால், சித்திரை முதல் புரட்டாதி வரை வார இறுதி தோறும் இந்த ஆட்டம் எமது அயலிலேயே நடைபெறுகின்றது. நியூ ஜேர்சியின் கவுன்ரிப் பூங்காக்களிலும், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும், ரெக்சாஸின் டலஸ், ஹியூஸ்ரன் நகர்ப்புறங்களிலும் கழகங்கள் பல உள்ளன. அவற்றைப் பார்க்கச் செல்வோர்தாம் குறைவு.

இங்கிலாந்தில் கிராமத்துக் கழக ஆட்டம் ஒரு படி. கவுன்ரி அணிகளின் ஆட்டம் அதற்கு மேற்பட்ட படி. இங்கும் அவ்வாறு படிகள் உருவாகியுள்ளன. கீழ்ப்படியில் நிற்பவை வார இறுதிக் கழகங்கள். கிழமை நாட்களில் கணினி நிறுவனத்திலும் எரிபொருள் நிலையத்திலும் தொழில் புரிவோர், சனிக்கிழமை காலை மட்டையும் கையுமாக வந்து சேர்கின்றனர். புல்வெளி நடுவே செயற்கை விரிப்பு. எல்லையைக் காட்டச் சிறு கூம்புகள். நுழைவுச்சீட்டு இல்லை, பெரும்பாலும் இருக்கையும் இல்லை. ஒரே கழகத்தைப் பருவகாலம் முழுவதும் பின்தொடர்பவருக்கே இதன் சுவை புலப்படும். சித்திரைக் குளிரில் விரல்கள் விறைத்துப் பந்தைத் தவறவிட்ட இளைஞன், ஆவணியில் அதே பந்தைப் பாய்ந்து பிடிக்கும்போது, அது எமது வீட்டுப் பிள்ளையின் வெற்றியாகிவிடுகின்றது.

மேற்படியில் நிற்பவை நகரங்களின் அணிகள். 2021இல் தொடங்கிய மைனர் லீக்கின் முதல் இறுதியாட்டத்தில் சிலிக்கன் வலி ஸ்ரைக்கர்ஸ் அணி நியூ ஜேர்சி ஸ்ராலியன்ஸ் அணியை வென்றது. 2023 யூலை 13ஆம் நாள், டலசுக்கு அண்மையிலுள்ள கிராண்ட் பிரெய்ரியில், முன்னர் பேஸ்போல் ஆடப்பட்ட அரங்கில் மேஜர் லீக் ஆரம்பமாகியது. அன்று ரெக்சாஸ் சுப்பர் கிங்ஸ் அணி லொஸ் ஏஞ்சல்ஸ் அணியை 69 ஓட்டங்களால் தோற்கடித்தது.

இந்த ஆட்டம் இந்நாட்டுக்குப் புதியதன்று. உலகின் முதலாவது சர்வதேசத் துடுப்பாட்டப் போட்டி 1844இல் நியூயோர்க்கில், ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடந்தது. 1893இல் பிலடெல்பியா அணி அவுஸ்திரேலியாவை இனிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. அந்நகரின் பார்ட் கிங் 1908இல் இங்கிலாந்து சென்று, ஒரு விக்கெட்டுக்கு 11.01 ஓட்டங்கள் என்ற சராசரியுடன் அந்நாட்டுப் பந்துவீச்சாளர்கள் அனைவரையும் விஞ்சினார்.

அத்தகைய ஆட்டம் ஏன் தேய்ந்தது? பேஸ்போல் மக்கள் மனத்தைக் கவர்ந்தது ஒரு காரணம். 1909இல் அமைந்த ஏகாதிபத்தியத் துடுப்பாட்ட மாநாடு பிரித்தானியப் பேரரசுக்கு வெளியே இருந்த நாடுகளைச் சேர்க்காதது மற்றொன்று. ஆயினும் ஆழமான காரணம், அது செல்வந்தர் கழகங்களின் வேலிக்குள் அடைபட்டமையே. வேலிக்கு வெளியே நின்ற சிறுவனின் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை. பார்த்தவர்களின் பிள்ளைகள் ஆடாதபோது ஆட்டம் அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை.

1965இல் அந்த மாநாடு தன் கதவைத் திறந்தபோது, முதலில் இணைந்த நாடுகளுள் இலங்கையும் ஐக்கிய அமெரிக்காவும் ஒன்றாக இருந்தன. இலங்கை 1996இல் உலகக்கிண்ணம் வென்றது. அமெரிக்கா நெடுங்காலம் காத்திருந்தது. 2024 யூன் 6ஆம் நாள், அதே கிராண்ட் பிரெய்ரியில், சமநிலையில் முடிந்த ஆட்டத்தின் மேலதிக ஓவரில் அது பாகிஸ்தானை வென்றது. அந்த ஓவரை வீசிய சௌரப் நேத்ரவால்கர், ஒராக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிவந்த மென்பொருள் பொறியியலாளர். வேலையையும் ஆட்டத்தையும் ஒருங்கே சுமந்த ஒருவரின் வெற்றி அது.

மறுநாள் அதே மைதானத்தில் இலங்கையும் பங்களாதேஷும் மோதின. எந்த அணிக்குக் கைதட்டுவது என்ற கேள்வி எமது குடும்பங்களுக்குப் புதியதன்று. தந்தை ஒரு பக்கமும் மகன் மறு பக்கமும் நிற்கும் வீடுகள் உண்டு. இலங்கை அணியின் மேலதிக வீரர் பட்டியலில் யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்தின் பெயரும் இருந்தது. ஆடும் பதினொருவருள் அவருக்கு இடம் கிட்டவில்லை. பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. அது போதுமா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் நியாயமான உணர்வுகளே.

பூங்கா மைதானத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. அங்கே தேசியக் கொடி எதற்கும் கைதட்ட வேண்டியதில்லை. ஆட்டத்திற்குக் கைதட்டினால் போதும்.

யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெரும் போரை நினைத்துப் பாருங்கள். போர்க்காலம் அதனை இடையிடையே தடுத்தபோதிலும் அது அழியவில்லை. மைதான ஓரத்தில் நின்று பார்த்த சிறுவர்கள் வளர்ந்து ஆடியமையே அதற்குக் காரணம். எமது பிள்ளைகளிடம் அந்த நாட்களைப் பற்றிப் பேசுகின்றோம். பேச்சு மட்டும் மட்டையைப் பிடிக்கக் கற்றுக் கொடுக்காது.

2028இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் துடுப்பாட்டமும் இடம்பெறவுள்ளது. அதற்கு முன்னரே அடுத்த பருவகாலம் வந்துவிடும். உங்கள் பகுதிக் கழகத்தின் அட்டவணையைப் பெற்றுக்கொள்ளுங்கள். ரெக்சாஸ் வாசிகள் வெயில் ஏறுமுன் காலை ஆட்டத்திற்குச் செல்வது நலம். நியூ ஜேர்சியில் இடிமழையை எதிர்பார்த்துச் செல்லுங்கள். விரிகுடாப் பகுதியில் கோடையில் மழைப் பயம் இல்லை. மடிப்புக் கதிரையும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளையும் மறவாமல் அழைத்துச் செல்லுங்கள். இடைவேளையில் ஒரு பந்தை வீசிப் பார்க்க அவர்கள் கேட்டால், பெரும்பாலான கழகங்கள் மறுப்பதில்லை.